பயத்துக்கு வாடகை

இரண்டு மாதங்களுக்கு முன் இதே பத்திரிகையில் என் அமெரிக்கப் பிரயாணத்தைப் பற்றி எழுதினேன். கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில் சூரியன் அஸ்தமிப்பதை வர்ணிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். அந்த வர்ணனையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கட்டுரையின் நடுவில், போகிற போக்கில், "பீனிக்ஸ் விமான நிலையத்தில் வாடகைக்குக் கார் எடுத்தோம், கூடுதல் இன்ஷூரன்ஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டு வடக்கே கிளம்பினோம்" என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். வந்த பதினோரு கடிதங்களில் ஒன்பது அந்த வாக்கியத்தைப் பற்றியவை.

ஓய்வு பெற்ற பாங்கு அதிகாரி ஒருவர், "ஊருக்கெல்லாம் பொறுப்பைப் பற்றிக் கதை எழுதுகிறவர், சொந்தப் பணம் என்று வரும்போது இப்படி நடந்துகொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறார். கோயமுத்தூரிலிருந்து ஓர் அம்மாள், "பக்கத்தில் உங்கள் சம்சாரமும் இருக்கும்போது அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது?" என்று வருத்தப்பட்டிருக்கிறார். இன்னொருவர் ஒரே வார்த்தை எழுதியிருக்கிறார்: "கஞ்சத்தனம்." அதன் கீழே அவருடைய கையெழுத்து அரைப் பக்கம் இருக்கிறது.

கஞ்சன் என்ற பட்டம் எனக்குப் புதிதல்ல. வீட்டிலேயே வழங்கி வருவதுதான். ஆனால் பொறுப்பில்லாதவன் என்பதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. அன்று அந்த மேஜைக்கு முன்னால் நின்று வேண்டாமென்று சொன்னது சரியான காரியம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் அபிப்பிராயத்தில், அங்கே சரியென்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள்தான் தங்களைத் தாங்களே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 அக்டோபரில் நானும் என் மனைவியும், என் தங்கை மகனுமாக நுவார்க்கிலிருந்து விமானம் ஏறிப் பீனிக்ஸ் போனோம். தங்கை மகன் உத்தியோக நிமித்தம் ஜெர்சி நகரத்தில் இரண்டு வருஷமாக இருக்கிறான். ரயிலிலேயே ஆபீஸ் போய் வருகிறவன். சொந்தக் கார் கிடையாது. இது முக்கியமான விஷயம், பின்னால் வரும். பீனிக்ஸில் இறங்கியபோது அங்கே இரவு மணி பத்து. எங்கள் உடம்புக்கு மணி ஒன்று. ஓட்டுபவன் இல்லாமல் தானே ஓடுகிற ஒரு ரயில், வாடகைக் கார்களுக்கென்றே கட்டியிருக்கும் பெரிய கட்டடத்தில் எங்களைக் கொண்டுபோய் விட்டது. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். என் மனைவி பெட்டியின் மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மேஜைக்கு அப்பால் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். சிரித்த முகம். களைத்திருந்தாள். தங்கை மகனுடைய லைசென்ஸையும் கிரெடிட் கார்டையும் வாங்கிக்கொண்டு, தலை நிமிராமலே, "முழுப் பாதுகாப்பு போடட்டுமா, அல்லது வண்டிக்கு மட்டும் போதுமா?" என்று கேட்டாள்.

கேள்வியின் அழகைக் கவனியுங்கள். போடலாமா, வேண்டாமா என்று அவள் கேட்கவில்லை. இரண்டில் எது என்று கேட்டாள். நம் ஊர் ஜவுளிக் கடையில் நாலு முழ வேஷ்டி கேட்டுப் போனவனிடம் "எட்டு முழம் ஒன்று போதுமா, இரண்டாக எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்களே, அந்த ஜாதிக் கேள்வி.

"இரண்டும் வேண்டாம். ஒவ்வொன்றும் என்னவென்று சொல்லுங்கள்" என்றான் தங்கை மகன்.

சொன்னாள். வண்டிக்குச் சேதம் வந்தாலோ களவு போனாலோ எங்களைக் கேட்கமாட்டோம் என்பதற்கு நாளொன்றுக்கு 31 டாலர். எங்கள் வண்டியால் பிறருக்குக் காயமோ நஷ்டமோ நேர்ந்தால் கொடுப்பதற்கு 16 டாலர். எங்கள் உடம்புக்கும் பெட்டிகளுக்கும் 8 டாலர். நடுவழியில் டயர் வெடித்தாலோ சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாலோ ஆள் அனுப்புவதற்கு 7 டாலர். ஆகமொத்தம் 62. காருடைய வாடகை எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்கு 44.

குதிரையை விடச் சேணம் விலை ஏறிப்போன சங்கதி இது. தூக்கக் கலக்கத்திலும் என் மனம் கணக்குப் போட்டது. வண்டிச் சேதத்துக்கு மட்டும் தினம் 31 டாலர் என்றால் வருஷத்துக்கு 11,315 டாலர். எங்களுக்குக் கொடுத்த வண்டி புதிதாக 28,000 டாலருக்குள் கிடைக்கும். இரண்டரை வருஷம் கட்டினால் வண்டியையே வாங்கிவிடலாம். அந்த நாட்டில் சொந்தக் கார் வைத்திருக்கும் சாதாரணக் குடும்பஸ்தன் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஒரு வருஷத்துக்குக் கட்டுகிற பிரீமியம் இதில் சிறு பங்குதான்.

"சேதத்துக்கானது வேண்டாம்" என்றான் தங்கை மகன்.

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியானால் இந்தக் காரின் முழு விலைக்கும் நீங்களே பொறுப்பு என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "மலைப் பாதையில் போகப்போகிறீர்கள். இருட்டினால் மான் குறுக்கே வரும். போன வாரம் ஒரு குடும்பம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டாள்.

நான் நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறவன். ஒரு வாக்கியத்தை எந்த இடத்தில் முடிக்காமல் விட்டால் கேட்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கும் என்பது எனக்குத் தெரியும். மனசுக்குள் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இந்தத் தொழிலில் மேஜையில் இருப்பவர்களுக்கு விற்ற அளவுக்குக் கமிஷன் உண்டு. அந்த மானுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் அவளுடைய வீட்டு வாடகைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

என் மனைவி கண்ணைத் திறந்தாள். "என்னங்க, கிளம்பும்போது எதற்கு இந்த அபசகுனப் பேச்சு? முப்பது டாலர்தானே, கொடுத்துவிட்டு வாருங்களேன்" என்றாள்.

எனக்குக் கடிதம் எழுதிய ஒன்பது பேரும் இதைத்தான் ஒன்பது விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் மத்தியதர வர்க்கத்தின் இரண்டு பலவீனங்கள் இந்த வார்த்தையில் இருக்கின்றன. ஒன்று, ஆபத்தைப் பற்றி யாராவது வாயால் சொல்லிவிட்டால், அதற்கு ஏதாவது பரிகாரம் செய்யாமல் நகரக் கூடாது என்ற நம்பிக்கை. ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு "ம்..." என்று இழுத்தால் போதும், நம் கை தானாகப் பையைத் தேடும். இன்னொன்று, சட்டை போட்டு டை கட்டிய ஒருவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதற்குக் கூச்சம். கறிகாய்க்காரியிடம் ஐந்து ரூபாய்க்கு அரை மணி பேரம் பேசுகிற நாம், குளிர்சாதன அறையில் பளபளக்கும் மேஜைக்கு முன்னால் நின்றால் ஊமையாகிவிடுகிறோம்.

சரி, அந்த 31 டாலருக்கு அவர்கள் விற்பது என்ன? கடிதம் எழுதியவர்கள் எல்லாருமே அதை இன்ஷூரன்ஸ் என்று எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன், அது தப்பு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி அது இன்ஷூரன்ஸே அல்ல. நம் ரிஜிஸ்திரார் ஆபீசில் விடுதலைப் பத்திரம் எழுதுகிறோமே, "இந்தச் சொத்தின் மேல் எனக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுத்தேன்" என்று, அந்த வகையைச் சேர்ந்த காகிதம் அது. வண்டிக்குச் சேதம் வந்தால் உங்களிடம் வசூல் செய்யும் உரிமை கம்பெனிக்கு இருக்கிறது. நாளொன்றுக்கு இவ்வளவு கொடுத்தால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்கிறார்கள். நடுவில் வேறு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி வந்து பணம் கட்டுவதில்லை. யார் உங்களைத் துரத்துவார்களோ, அவர்களே துரத்தாமல் இருப்பதற்குக் கூலி வாங்குகிறார்கள்.

தென் ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் காவல் கூலி என்று ஒன்று இருந்தது. கூலி கொடுத்த வீட்டில் களவு போகாது. கொடாத வீட்டில் மாடு காணாமற்போகும். அப்புறம் துப்புக் கூலி கொடுத்தால் மாடு எங்கே நிற்கிறதென்று துப்புக் கிடைக்கும். வாடகைக் கம்பெனிக்காரர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. மான் நிஜமான மான்தான். கல் நிஜமான கல்தான். ஆனால் சேதத்தின் விலை என்ன, வண்டி எத்தனை நாள் ஓடாமல் நின்றது, அதற்கு நஷ்ட ஈடு எவ்வளவு, கணக்கு எழுதிய செலவு எவ்வளவு என்று தீர்மானிக்கிறவர்களும் அவர்களே, அதிலிருந்து விடுதலை விற்கிறவர்களும் அவர்களே என்னும்போது, பழைய கதை ஞாபகத்துக்கு வரத்தான் செய்கிறது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. நியூயார்க் மாநிலத்தில் 1989 முதல் இந்த விடுதலைக் காகிதத்தை விற்கவே கூடாதென்று சட்டம் செய்தார்கள். சாதாரணச் சேதத்துக்கு வாடகைக்கு எடுத்தவன் 100 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்றும் வைத்தார்கள். 2003இல் அந்தத் தடையை நீக்கினார்கள், விலைக்கு ஓர் உச்சவரம்பு கட்டி. ஐரோப்பாவிலும், ஐந்து பெரிய வாடகைக் கார் கம்பெனிகளை அழைத்துப் பேசி, விலையையும் இந்தக் கூடுதல் பாதுகாப்புகளையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள் என்று 2015இல் வாக்குறுதி வாங்கினார்கள். ஒளிவுமறைவு இல்லாதிருந்தால் எதற்கு வாக்குறுதி?

பாங்கு அதிகாரி கேட்கிறார்: "அது சரி, வண்டிக்குச் சேதம் வந்திருந்தால் யார் கொடுப்பது? கம்பெனியின் மேல் கோபப்பட்டால் ஒடுக்கு நிமிர்ந்துவிடுமா?"

நியாயமான கேள்வி. பதிலும் அவர் வேலை பார்த்த இடத்திலேயே இருக்கிறது. தங்கை மகன் வைத்திருந்த கிரெடிட் கார்டு அந்த நாட்டு பாங்கு ஒன்று கொடுத்தது. அதனுடன் வந்த சின்னப் புத்தகத்தை, ஒருவரும் படிக்காத அந்தப் புத்தகத்தை, அவன் படித்திருந்தான். வாடகை முழுவதையும் அந்தக் கார்டிலேயே கட்டினால், கார்டில் உள்ள பெயரே வாடகை ஒப்பந்தத்திலும் இருந்தால், வாடகை 15 நாளுக்கு மேற்படாமல் இருந்தால், வண்டிக்கு வரும் சேதத்தையும் களவையும் கார்டு ஏற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை: கம்பெனி விற்கும் சேத விடுதலையை வேண்டாமென்று மறுத்திருக்க வேண்டும். வாங்கினால் கார்டின் பாதுகாப்பு போய்விடும். கவனித்தீர்களா? அந்த மேஜையில் மரியாதைக்காகத் தலையாட்டுகிற மனுஷன், ஏற்கனவே கையில் இருப்பதை எறிந்துவிட்டு அதையே விலை கொடுத்து வாங்குகிறான்.

இந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை இரண்டாவதாகத்தான் கொடுக்கும். முதலில் உங்கள் சொந்தக் கார் பாலிசி கொடுக்க வேண்டும், மீதியைத்தான் கார்டு கொடுக்கும். சொந்தக் காரும் பாலிசியும் இல்லாதவனுக்குக் கார்டே முதலாவதாகிவிடுகிறது. தங்கை மகனுக்குக் கார் கிடையாது என்று சொன்னது இதற்காகத்தான். சொந்தக் கார் உள்ள அமெரிக்கனுக்கோ, அவனுடைய பாலிசியே பெரும்பாலும் வாடகை வண்டிக்கும் செல்லும்.

நம் ஊர்க் கார்டை எடுத்துக்கொண்டு போய் இதே மாதிரி வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். அதில் இந்த வசதி இல்லாமலிருக்கலாம். அயர்லாந்து, இஸ்ரேல், ஜமைக்கா போன்ற சில நாடுகளை விலக்கி வைக்கும் கார்டுகள் உண்டு. ஆடம்பர வண்டிகளையும் பெரிய வேன்களையும் ஏற்காத கார்டுகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து அமெரிக்கா போகிறவர்களுக்கு, புறப்படுவதற்கு முன்பே பதிவு செய்யும்போது, இந்தப் பாதுகாப்புகளெல்லாம் வாடகையிலேயே சேர்ந்து வருகிற திட்டங்கள் கிடைக்கின்றன. ஐரோப்பாவில் முதல் சேதப் பாதுகாப்பு வாடகையிலேயே அடங்கியிருக்கும். அதற்குப் பிறகும் நம் தலையில் விழுகிற பங்குக்காகத்தான் மேஜையில் அடுத்த காகிதம் நீட்டுவார்கள். அதையும் ஊரிலிருந்தே வேறு கம்பெனியிடம் மிகக் குறைந்த செலவில் வாங்கிக்கொண்டு போகலாம். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு, நாலு இடத்து விலையை ஒப்பிட்டு வாங்க வேண்டியதை இரவு பத்து மணிக்கு நின்றுகொண்டு வாங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். "கூடுதல் இன்ஷூரன்ஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டு" என்று நான் எழுதியது முழு உண்மையல்ல. நான்கில் மூன்றை வேண்டாமென்றோம். ஒன்றை வாங்கினோம். வாக்கியம் ஓட்டமாக வந்துகொண்டிருந்தது. நிறுத்தி விவரம் சொல்லச் சோம்பல்பட்டேன். அந்தச் சோம்பலுக்காக ஒன்பது கடிதங்களும் எனக்கு வேண்டியதுதான்.

நாங்கள் வாங்கியது அந்த 16 டாலர் காகிதம், பிறருக்கு நேரும் காயத்துக்கானது. அதை அந்தப் பெண் எவ்வளவு வேகமாகச் சொல்லிக்கொண்டு போனாள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மானைப் பற்றிச் சொல்ல இருந்த நேரம் இதற்கு இல்லை. சட்டம் விதித்த குறைந்த அளவு வண்டியுடனேயே வரும், அதற்கு மேல் வேண்டுமானால் இது என்றாள். அரிசோனாவில் அந்தக் குறைந்த அளவு என்ன? 2020 ஜூலை முதல் ஒருவருக்கு நேரும் காயத்துக்கு 25,000 டாலர். ஒரு விபத்தில் எத்தனை பேர் அடிபட்டாலும் மொத்தம் 50,000. பொருள் சேதத்துக்கு 15,000. அமெரிக்க ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு, ஒரு மனிதனுடைய முறிந்த இடுப்புக்கு 25,000 டாலர் எத்தனை நாள் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிரெடிட் கார்டோ இதற்கு ஒரு காசு கொடுக்காது. அது இரும்புக்கும் கண்ணாடிக்கும்தான் கொடுக்கும்.

"மாமா, இது நமக்கு இல்லை, எதிராளிக்கு. இதை எடுத்துக்கொள்ளலாம்" என்றான் தங்கை மகன். எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம், டூபா நகரத்தைத் தாண்டிக் கயென்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நவஹோ ஜனங்களின் பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மண்ணும் கூப்பிட்டால் திரும்பி வராத வெளியும். நடுவில் ஒரு சைக்கிளில் ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், சாலையோரத்துச் சரளையில் வந்துகொண்டிருந்தான். சரளை சறுக்கியதோ என்னவோ, சைக்கிள் வளைந்து சாலைக்குள் வந்துவிட்டது. தங்கை மகன் பிரேக்கை அழுத்தினான். என் தலை முன்னால் போய்த் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தபோது பையன் வண்டியின் முன்பக்கத்துக்கு வலப்புறம், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தங்கை மகன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். என் மனைவி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கயென்டாவில் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண் நீட்டிய நான்கு காகிதங்களில் அந்தப் பையனைப் பற்றிய காகிதம் ஒன்றே ஒன்றுதான். மற்ற மூன்றும் வண்டியைப் பற்றியும் எங்களைப் பற்றியும். அவன் மேல் மோதியிருந்தால், எந்தக் காகிதமும் அவனை எழுப்பி நடக்க வைக்காது. ஆனால் அவனைப் பெற்றவர்கள் எங்கள் கை வறட்சியையும் சேர்த்துச் சுமக்க வேண்டாமல் இருக்கும்.

கோயமுத்தூர் அம்மாளிடம் இதைத்தான் கேட்க விரும்புகிறேன். அமெரிக்காவில் இருக்கும் தம் மகன் எப்போதும் "முழுப் பாதுகாப்பு" எடுத்துக்கொள்வானென்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாதுகாப்பு என்று கேட்டுப் பாருங்கள். அந்த நாட்டில் நான் சந்தித்த நம்மவர் நாலைந்து பேரை விசாரித்தேன். அத்தனை பேரும் வண்டிக்கு எடுத்திருந்தார்கள். "எதிராளிக்கு எடுத்தீர்களா?" என்றால், "அதெல்லாம் எதற்கு? நான் நிதானமாக ஓட்டுகிறவன்" என்றார்கள். கதவில் விழும் கீறலுக்குப் பயந்து 31 டாலர் கொடுத்தவர்கள், மனிதன் மேல் மோதுவதற்குப் பயப்படவில்லை! ஓட்டுகிறவருடைய நிதானம் மனிதர்களைத் தப்பவிடும், தூண்களை மட்டும் தப்பவிடாது போலிருக்கிறது.

இந்த விஷயத்தில் நம் நாட்டுச் சட்டத்துக்கு நல்ல புத்தி இருக்கிறது. 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே மூன்றாம் மனிதருக்கான இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கினார்கள். இப்போதுள்ள 1988ஆம் வருஷத்துச் சட்டத்திலும் அப்படியே. உன் வண்டி நசுங்கினால் அது உன் பாடு, வேண்டுமானால் இன்ஷூர் செய், வேண்டாவிட்டால் விடு. ஆனால் தெருவில் போகிறவனுக்காக இன்ஷூர் செய்யாமல் வண்டியைத் தெருவில் எடுக்காதே என்கிறது. பீனிக்ஸில் நாங்கள் செய்தது அதைத்தான்.

மறுநாள் மானுமெண்ட் பள்ளத்தாக்குக்குப் போனோம். அரிசோனாவும் யூட்டாவும் சேருகிற எல்லையில், கோபுரங்கள் மாதிரிப் பாறைகள் நிற்கிற இடம். உள்ளே சுற்றிவர 17 மைல் பாதை இருக்கிறது. வெறும் மண் பாதை. வாடகை ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில், தார் போடாத பாதையில் வண்டியை ஓட்டக் கூடாதென்று கண்டிருந்தது. நாங்கள் காரை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு நவஹோக்காரருடைய திறந்த வண்டியில் ஏறிக்கொண்டோம். பக்கத்தில் நம் தேசத்துக் குடும்பம் ஒன்று, எங்களைப் போலவே வாடகைக் காரில் வந்தவர்கள், உள்ளே ஓட்டிக்கொண்டு போகத் தயாராக நின்றார்கள். தங்கை மகன் மண் பாதை விஷயத்தைச் சொன்னான். "எங்களுக்குக் கவலையில்லை, முழுப் பாதுகாப்பு எடுத்திருக்கிறோம்" என்று சொல்லிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனார் குடும்பத் தலைவர். அதே பொடி எழுத்தின் அடுத்த வரி அவருக்குத் தெரியவில்லை: தடை செய்த பாதையில் ஓட்டினாலும், ஒப்பந்தத்தில் பெயரில்லாதவர் ஓட்டினாலும், குடித்துவிட்டு ஓட்டினாலும் விடுதலை ரத்து. எங்கள் ஒப்பந்தத்தில் மட்டுமல்ல, இந்த வியாபாரத்தில் இது சாதாரணமாக இருக்கும் ஷரத்து. அவர் எந்த இடத்துக்குப் பயந்து பணம் கட்டினாரோ, அந்த இடத்தில் நுழைந்தவுடனே அவர் கட்டிய பணத்துக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. பாவம், அன்று முழுவதும் நிம்மதியாக இருந்திருப்பார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குச் சாதகமாக இருந்திருக்கும். முடியவில்லை. திரும்பி வரும் வழியில், முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்து எங்கள் முன் கண்ணாடியில் பட்டது. முதலில் மிளகு அளவு இருந்தது. பீனிக்ஸ் வந்து சேர்வதற்குள் ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல் ஓடிவிட்டது. வண்டியை ஒப்படைக்கும்போது நாங்களே காட்டினோம். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கண்ணாடிக்கு 415 டாலர், வண்டி இரண்டு நாள் ஓடாமல் நின்றதற்கு 88, கணக்கு எழுதிய செலவு 50. மொத்தம் 553 டாலர்.

பாங்கு அதிகாரி இப்போது புன்னகை செய்வார் என்று எனக்குத் தெரியும். சேத விடுதலைக்கு ஐந்து நாளைக்கு 155 டாலர்தானே ஆகியிருக்கும்?

தங்கை மகன் கார்டு பாங்குக்கு எழுதினான். அவர்கள் ஒப்பந்தத்தின் நகல், பழுது பார்த்த பில், போட்டோக்கள் எல்லாம் கேட்டார்கள். வண்டி நின்ற இரண்டு நாளுக்கும் பணம் வேண்டுமானால், அந்த நாட்களில் கம்பெனியின் மற்ற வண்டிகளெல்லாம் வாடகைக்குப் போயிருந்தன என்று காட்டும் பதிவேட்டின் நகல் வேண்டும் என்றார்கள். மற்ற வண்டிகள் சும்மா நின்றிருந்தால், இந்த ஒன்று நின்றதால் நஷ்டம் ஏது? தங்கை மகன் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாடகைக் கம்பெனிக்கு எழுதினான். பதில் இல்லை. மறுபடி எழுதினான். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, 88 டாலரைத் தள்ளுபடி செய்துவிட்டதாக இரண்டு வரி வந்தது. காரணம் எழுதவில்லை. 415 டாலரைக் கார்டு கொடுத்துவிட்டது. கணக்கு எழுதிய 50 டாலரைக் கார்டு ஏற்கவில்லை. அதை நான் கொடுத்தேன். தங்கை மகன் வேண்டாமென்றான், பிடிவாதமாகக் கொடுத்தேன்.

ஆக, பணக் கணக்கில் 155க்குப் பதில் 50 போயிற்று. தங்கை மகனுடைய சாயங்காலங்கள் எத்தனை போயின என்ற கணக்கு தனி. நான்கு மாதம் இழுத்தது. சிரமம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கப் பணம் கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுக்கிறவரிடம் எனக்கு வாதம் கிடையாது. அவருடைய நேரம், அவருடைய பணம். ஆனால் கேட்காத பதிவேட்டுக்கு 88 டாலர் தானாகவே பில்லில் ஏறியிருந்தது, கேட்டவுடன் இறங்கிவிட்டது. கேட்பவர்கள் சிலர்தான் என்ற நம்பிக்கையில் எழுதிய பில் அது. அந்தப் பில்லின் பயம்தான் மேஜையில் 31 டாலருக்கு விற்பனையாகிறது.

எதிராளிக்காகக் கட்டிய 80 டாலர் திரும்பி வரவில்லை. யார் மேலும் மோதவில்லை, ஆகவே அது போனது போனதுதான். அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை, என் மனைவி உட்பட.

கஞ்சத்தனம் என்று எழுதியவர் இரண்டாவது கார்டும் போட்டிருக்கிறார். அதில் ஒரு கேள்வி: "டயர் வெடித்திருந்தால்? சாவியை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தால்? அந்த 7 டாலரையும் மிச்சம் பிடித்தீரா?" பிடித்தோம். டயர் மாற்றத் தங்கை மகனுக்குத் தெரியும். சாவி, வண்டி ஓடாத நேரமெல்லாம், என் மனைவியின் இடுப்பில் செருகியிருந்தது.